சதாமின் படை 1980-ல் திணறியது, 1988-ல் வென்றது: அதே ஆட்சி, அதே ஆள், எது மாறியது?

#1 வைகறை

ஈரான்-ஈராக் போரைத் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. சர்வாதிகாரியின் படை சண்டையில் சொதப்பும் என்கிறார்கள் ஒரு சாரார். ஒரே தலைமை, ஒரே உத்தரவு இருந்தால்தான் படை உருப்படும் என்கிறார்கள் இன்னொரு சாரார். ஈராக்கை எடுத்தால் இரண்டுமே இடிக்கிறது.

1980 செப்டம்பர் 22-ல் ஈராக் அதிபர் சதாம் உசேன் எல்லை தாண்டி ஈரானுக்குள் புகுந்தார். கொராம்ஷஹர் என்ற ஒரு துறைமுக நகரைப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. அடுத்துள்ள அபாதானைப் பிடிக்கவே முடியவில்லை. ஆனால் 1988 ஏப்ரல் 17-ல் தொடங்கிய தாக்குதலில் 1986-ல் ஈரானிடம் இழந்திருந்த ஃபாவ் தீபகற்பத்தை இரண்டு நாளுக்குள் மீட்டார்கள். இடையில் ஆட்சி மாறவில்லை, ஆளும் பாத் கட்சி மாறவில்லை, சதாமும் மாறவில்லை. பின் எது மாறியது? ஆயுதம் கூடியது என்ற ஒரு வரிப் பதில் எனக்குப் போதவில்லை.

#2 தளவாடம்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதாம் யாரைப் பார்த்துப் பயந்தார் என்பதில் தொடங்க வேண்டும். 1958, 1963 பிப்ரவரி, 1963 நவம்பர், 1968: பத்தே ஆண்டில் பாக்தாத்தில் நான்கு ஆட்சிக் கவிழ்ப்புகள், நான்கிலும் ராணுவ அதிகாரிகளின் கை இருந்தது. 1958-ல் நடந்ததைப் பாருங்கள். ஜோர்டானுக்குப் போகச் சொல்லி உத்தரவு வாங்கிய பிரிகேட் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) போகிற வழியில் தலைநகருக்குள் புகுந்து அரசரையே தீர்த்துக்கட்டியது. இதைப் பார்த்து வளர்ந்த கட்சிக்காரர் சதாம். அவரே படையில் ஒரு நாளும் பணியாற்றியவர் இல்லை. ஜெனரல் பட்டம் 1976-ல் கொடுக்கப்பட்டது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட முடியாது.

அந்தப் பயம் படையை நான்கு வழியாகக் கெடுக்கிறது. பதவி உயர்வு திறமைக்குப் போகாமல் ஊருக்கும் உறவுக்கும் கட்சி அட்டைக்கும் போகும். பயிற்சி குறையும். டாங்கி, காலாட்படை, பீரங்கி மூன்றையும் ஒன்றாக ஓட்டிப் பழகிய டிவிஷன் (பல பிரிகேடுகள் சேர்ந்த படை) ஈரானை அடிக்கவும் உதவும், அரண்மனையை அடிக்கவும் உதவும் அல்லவா? மூன்றாவது, முடிவெடுக்கும் உரிமை மேலேயே தங்கிவிடும். களத்தில் இருக்கும் தளபதி பக்கத்துப் படையோடு நேரில் பேசி ஒரு திட்டம் போட்டால், வேறு என்ன பேசினார்கள் என்று உளவுத்துறைக்குச் சந்தேகம் வரும். அதனால் எல்லாம் பாக்தாத் போய்த் திரும்ப வேண்டும். நான்காவது செய்தி. கெட்ட செய்தி சொன்னவனுக்குத் தண்டனை என்றால் கெட்ட செய்தி மேலே போகவே போகாது. நான்கிலும் மோசமானது இதுதான் என்பது என் கருத்து.

இதை வைத்து 1980-ஐப் பாருங்கள். 1967-ல் இஸ்ரேல் செய்ததைப்போல முதல் நாளே ஈரானின் விமானத் தளங்களை அடித்து முடித்துவிடலாம் என்று திட்டம். ஒரு தளத்துக்கு அனுப்பிய விமானங்கள் போதவில்லை, குண்டுகள் ஓடுபாதையில் சில பள்ளங்களைத்தான் போட்டன. ஈரான் விமானங்கள் கான்கிரீட் கூடங்களுக்குள் பத்திரமாக இருந்தன. பள்ளத்தைச் சில மணி நேரத்தில் நிரப்பி, மறுநாளே 100-க்கும் மேற்பட்ட விமானங்கள் ஈராக் மேல் பறந்தன.

கொராம்ஷஹரில் கவச டிவிஷனின் டாங்கிகள் போதிய காலாட்படை இல்லாமல் தெருவுக்குள் விடப்பட்டன. குறுகிய தெருவில் டாங்கியின் குழல் மேல்மாடி வரை நிமிராது. மூடியை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஒரு சன்னல் அகலத்துக்குத்தான் வெளியே தெரியும். மேலிருந்தோ பின்னாலிருந்தோ ஆர்.பி.ஜி.-7 என்ற தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் பட்டால் கவசம் தாங்காது. எதிரே இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்: புரட்சிக் காவலர்கள் (ஈரானின் புதிய ஆட்சி தனக்கென்று அமைத்த படை), கடற்படை வீரர்கள், ஊர்மக்கள். கடைசியில் ஈராக் சிறப்புப் படையையும் காலாட்படையையும் கொண்டுவந்து, நகரச் சண்டையை அங்கேயே கற்றுக்கொண்டு, வீடு வீடாகப் பிடித்தது. அதற்கு விலை ஆயிரக்கணக்கான உயிர். அந்த ஊருக்கே ரத்த நகரம் என்று ஈரானியர் பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. உயிரிழப்பு கூடினால் ஊரில் கொந்தளிப்பு வரும் என்று சதாமே பயந்தார். சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள், ஆட்சி சுன்னிகள் கையில், எதிரி ஈரானும் ஷியா நாடு. ஆகவே வேகமாகப் போ, ஆனால் ஆளை இழக்காதே என்ற இரண்டு கட்டளை ஒரே நேரத்தில் இறங்கியது. போர் தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று அறிவித்துப் படையை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கிக்கொள்ள ஈரானுக்குக் கிடைத்த நேரம் அது.

#3 கொற்றவை

தளவாடம் சார், நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஈராக்கை மட்டும் பார்த்தால் படம் பாதிதான். எதிரில் இருந்த ஈரான் படையும் உடைந்துதான் கிடந்தது, உடைத்தது அதன் சொந்த ஆட்சி.

1979 புரட்சிக்குப் பின், விரட்டப்பட்ட மன்னர் ஷாவின் படையில் களையெடுப்பு நடந்தது. போர் தொடங்குவதற்குள் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 12,000 பேர் என்று சொல்லப்படுகிறது. கட்டாய ராணுவ சேவையை இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தார்கள். 1980 ஜூலையில் நோஜே விமானத் தளத்தை மையமாக வைத்த கவிழ்ப்புச் சதி பிடிபட்டதும் விமானிகள் கூண்டோடு சிறைக்குப் போனார்கள். குஜெஸ்தான் மாகாணத்தைக் காக்க வேண்டிய 92-வது கவச டிவிஷனுக்கும் அந்தக் களையெடுப்பில் பலத்த அடி. இரண்டே மாதத்தில் சதாம் நுழைந்தது அந்த மாகாணத்துக்குள்தான். சிறையில் இருந்த விமானிகளில் பலரை விடுவித்து மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டிவந்தது.

அதற்காக, ராணுவத்தை ராணுவத்திடமே விட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1981 ஜனவரி 5, ஹொவெய்சே பக்கம். அதிபர் பனிசத்ருக்கு, புரட்சிக் காவலர்கள் இல்லாமலே மரபுப் படை (ஷா காலத்திலிருந்து வந்த ராணுவம்) ஒரு பெரிய வெற்றி காட்ட வேண்டும் என்ற அவசரம். 16-வது கவச டிவிஷனை ஒரே வழியில், பிரிகேட் பின்னால் பிரிகேடாக, போதிய காலாட்படை இல்லாமல் அனுப்பினார்கள். மாரிக்காலம், நிலம் சேறு. ஈராக்கியர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு மூன்று பக்கமும் காத்திருந்தார்கள். சாலையை விட்டு இறங்கிய சீஃப்டன் டாங்கிகள் சேற்றில் புதைந்தன, இறங்காதவை வரிசையாக அடிபட்டன. ஜூன் மாதம் பனிசத்ர் பதவி இழந்தார். அவர் விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தச் சேறும் ஒரு காரணம்.

ஈரானின் திருப்பம் 1981 இலையுதிர் காலத்தில் வந்தது. தரைப்படைக்கு அலி சய்யாத் ஷிராஸி, புரட்சிக் காவலர்களுக்கு மொசென் ரெசாயி. இரண்டு பேரும் ஒரே கூட்டுத் தலைமையகத்தில் உட்கார்ந்தார்கள். 1982 மார்ச்சில் தெஸ்புல்-ஷுஷ் பகுதியில் நடந்த ஃபத் அல்-முபீன் தாக்குதல் இப்படிப் போனது: வாரக்கணக்கில் இரவு வேவு, ஈராக் நிலைகளுக்கு நடுவே எங்கே சந்து இருக்கிறது என்று கண்டுபிடித்தல். தாக்கும் இரவில் பசீஜ் தொண்டர்களும் காவலர்களும் அந்தச் சந்து வழியாக நடந்தே உள்ளே போய்ப் பின்னாலிருக்கும் பீரங்கி நிலைகளை அடிப்பது. விடிந்ததும் மரபுப் படையின் டாங்கியும் பீரங்கியும் ஹெலிகாப்டரும் முன்னால் அழுத்துவது. பீரங்கியை இழந்த ஈராக் முன்வரிசை கலைந்தது, பல ஆயிரம் பேர் கைதானார்கள். மே 24-ல் கொராம்ஷஹர் மீண்டது.

சித்தாந்தம் கொடுத்தது இரவில் கண்ணிவெடிக் களத்துக்குள் நடக்கத் துணிந்த ஆளை. மரபுப் படை கொடுத்தது பீரங்கிக் கணக்கை. இரண்டும் சேர்ந்தபோது வென்றார்கள்.

#4 பாலைமணல்

மனித அலை, மனித அலை என்று, அதாவது கூட்டம் கூட்டமாக ஆளை நேரே ஓடவிட்டார்கள் என்று எங்கும் எழுதுகிறார்களே, அது பொய்யா அப்படியென்றால்? பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணிவெடி மேல் நடத்தினார்கள் என்பது?

#5 கொற்றவை

பொய் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் களத்துக்குப் போனார்கள், செத்தார்கள். கண்ணிவெடி அகற்றும் கருவி இல்லாத இடத்தில் ஆளே கருவியானான். இதை எந்த ராணுவத் தேவையின் பெயரிலும் நியாயப்படுத்த முடியாது, நான் நியாயப்படுத்தவும் மாட்டேன்.

ஆனால் எல்லாத் தாக்குதலும் குருட்டு ஓட்டம் என்று நினைத்தால் ஈராக் ஏன் 1982-ல் தோற்றது என்பது புரியாது. தொடக்கத்தில் அது ஊடுருவல் போர். 1982 ஜூலையில் ரமலான் என்று பெயரிட்ட தாக்குதலோடு ஈராக் மண்ணுக்குள் போன பிறகுதான் அது தேய்ந்து அலையாக மாறியது.

என்ன தவறிப்போனது? தெற்கு ஈராக் ஷியாக்கள் எழுந்து வரவேற்பார்கள் என்று தெஹ்ரான் நம்பியது. யாரும் எழவில்லை. அந்த ஷியா சிப்பாய்களே தங்கள் மண்ணில் நின்று ஒழுங்காகச் சண்டை போட்டார்கள். தெற்கு ஈராக்கின் பெரிய நகரமான பஸ்ரா முன்னால் மீன் ஏரி, மண்மேடு, முள்கம்பி, கண்ணிவெடி, அதற்குப் பின்னால் முன்பே குறிபார்த்து வைத்த பீரங்கி. இதில் ஊடுருவச் சந்து இல்லை. நடந்து போகும் படை முதல் வரிசையைப் பிடிக்கும். அதற்கு மேல் தள்ள லாரி இல்லை, இரண்டாம் அணி வந்து சேர நேரமாகும், குண்டும் தண்ணீரும் தீரும். அதற்குள் ஈராக் தன் கவசப் படையைச் சாலை வழியாகக் கொண்டுவந்து அடைத்துவிடும். தொண்டர்கள் சில மாதத்துக்கென்று வருபவர்கள், அறுவடையும் பள்ளியும் திரும்ப அழைக்கும். அதனால் கற்றுக்கொண்டதும் அவர்களோடு ஊருக்குப் போய்விடும்.

ஒரு நல்ல பக்கமும் சொல்ல வேண்டும், நியாயமாக. கிராமங்களுக்குச் சாலை போட 1979-ல் தொடங்கிய கட்டுமான ஜிஹாத் என்ற அமைப்பு போரில் பொறியாளர் படையாக மாறியது. பதுங்குகுழி இல்லாமல் பதுங்குகுழி கட்டுபவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். குண்டுமழையில் மறைவே இல்லாமல் புல்டோசரில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மேடு எழுப்பியவர்கள். 1986-ல் ஃபாவைப் பிடித்தபின் எல்லையில் ஓடும் ஷட் அல் அரப் ஆற்றின் குறுக்கே பெரிய எஃகுக் குழாய்களை அடுக்கி, அதன் மேல் சாலை போட்டார்கள். கடல் ஏற்றவற்றம் உள்ள ஆறு அது. மண்ணால் அணை போட்டால் நீர் அடித்துக்கொண்டு போகும், குழாய் என்றால் நீர் உள்ளே புகுந்து போய்விடும். இங்கே சித்தாந்தமும் தொழில்நுணுக்கமும் சண்டை போடவில்லை.

#6 தளவாடம்

ஃபாவ் பேச்சு வந்ததால் வைகறையின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஈராக்கின் மாற்றம் ஒரே நாளில் வரவில்லை, இரண்டு அடி விழுந்த பிறகுதான் வந்தது.

முதல் அடி கொராம்ஷஹர், 1982. சதாம் சில தளபதிகளுக்கு மரண தண்டனை கொடுத்தார். எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே சமயத்தில் கட்சித் தயவில் மட்டும் மேலே வந்த பல அதிகாரிகளைக் கழற்றிவிட்டு, சண்டை தெரிந்தவர்களை மெல்ல மேலே விட்டார். மாஹிர் அப்துல் ரஷீத் போன்றவர்கள் அப்படி மேலே வந்தார்கள். அவரும் சதாமின் சொந்தப் பகுதியான திக்ரித் பக்கம்தான், பின்னால் அவர் மகளைச் சதாமின் மகன் குசை மணந்தார். உறவும் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தது சதாமுக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டாவது அடி 1986 பிப்ரவரி. மழை இரவில் ஈரானியர் ஆறு கடந்து ஃபாவைப் பிடித்தார்கள். முதல் நாட்களில் இது திசைதிருப்பும் வேலை, உண்மையான அடி பஸ்ராவுக்கு வடக்கேதான் வரும் என்று பாக்தாத் நம்பிக்கொண்டிருந்தது. பிறகு எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பியபோது நிலமே எதிரி. உப்புச் சேறு, டாங்கி போகச் சில சாலைகள்தான். சாலையில் வரிசையாகப் போன டாங்கியை ஈரானியர் வரிசையாகவே அடித்தார்கள். வாரக்கணக்கில் மோதியும் மீட்க முடியவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் பாத் கட்சியின் சிறப்பு மாநாடு. அதற்குப் பிறகு நடந்தவைதான் உங்கள் கேள்விக்கு விடை. அரண்மனைக் காவலுக்கென்று இருந்த குடியரசுக் காவல்படைக்குத் திக்ரித் ஆட்கள் மட்டும் என்ற பழைய கதவைத் திறந்து, கல்லூரி மாணவர்களைச் சேர்த்தார்கள். சில பிரிகேடுகளாக இருந்த படை 1988-க்குள் இருபதுக்கும் மேல் பிரிகேடுகளாக வளர்ந்தது. திட்டம் போடும் பொறுப்பு தலைமைத் தளபதியகத்துக்குப் போனது. சதாம் எதை அடிப்பது என்று முடிவு செய்வார், எப்படி அடிப்பது என்பதில் தலையிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஃபாவுக்கான தயாரிப்பு: நிலப்பரப்பை அப்படியே நகலெடுத்த பயிற்சிக் களம். அகழி எங்கே, மேடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று அளந்து கட்டியது. ஒவ்வொரு படைப்பிரிவும் தான் போகவேண்டிய வழியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தது. பீரங்கி எத்தனை நிமிடம் சுடும், எப்போது சுடுவதை நிறுத்திப் பின்னால் குறியை மாற்றும், யார் எந்த நேரத்தில் எந்த மேட்டில் இருக்க வேண்டும், எல்லாம் எழுதி வைத்தது. ரமலான் முதல் நாள், ஏப்ரல் 17 அதிகாலை, 7-வது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) ஆற்றை ஒட்டியும், குடியரசுக் காவல்படை தெற்கே உப்புவெளி வழியாகவும் போயின. சுமார் 35 மணி நேரத்தில் முடிந்தது. மே 25-ல் ஷலம்சே, ஜூனில் மஜ்னூன் தீவுகள், ஈரான் கையில் இருந்த இந்த இரண்டும் சில மணி நேரச் சண்டையில் மீண்டன.

கவனியுங்கள், கீழ்மட்ட அதிகாரிக்குச் சுயபுத்தி அப்போதும் தரப்படவில்லை. நாடகம் எழுதி ஒத்திகை பார்த்து அரங்கேற்றினார்கள். எழுதிய பக்கம் முடியும் இடத்தில் தாக்குதலும் நிற்க வேண்டும், நின்றது. தங்கள் படையின் குறை என்ன என்று அந்தத் தளபதிகள் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். குறையை மறைக்காமல் அதைச் சுற்றித் திட்டம் போட்டதுதான் அவர்களின் சாமர்த்தியம்.

#7 நெடுஞ்சாலை72

இதைப் படிக்கும்போது வாயு என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை என்பது உறுத்துகிறது. 1983-லிருந்து ஈராக் வீசியது தோலைப் பொசுக்கும் கடுகு வாயு, 1984-ல் டாபுன் என்ற நரம்பு வாயு. போர்க்களத்தில் நரம்பு வாயு பயன்பட்டது அதுவே முதல் முறை. ஃபாவ் மீட்பிலும் பீரங்கித் திட்டத்தின் ஒரு பாகமாகவே வாயு இருந்தது. நரம்பு வாயு சீக்கிரம் ஆவியாகும், அதனால் தன் படை போகப்போகும் முன்வரிசை மேல். கடுகு வாயு நாள்கணக்கில் மண்ணில் தங்கும், அதனால் பின்னாலுள்ள கிடங்கு, சாலை மேல். அதற்கு ஒரு மாதம் முன் மார்ச் 16-ல் ஹலப்ஜாவில் சொந்த நாட்டுக் குர்து மக்கள் மேல் போட்டார்கள், சுமார் 5,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவின் செயற்கைக்கோள் தகவலும் ஈராக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. தெஹ்ரான் வரை எட்டும்படி ஸ்கட் ஏவுகணையின் தூரத்தைக் கூட்டி, அல்-ஹுசைன் என்று பெயர் வைத்து வீசினார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒத்திகையால் வென்றார்கள் என்று சொல்வது சரியா?

#8 தளவாடம்

நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். வாயுவை விட்டுவிட்டு எழுதியது என் தவறு. படையின் திறனைப் பேசும்போது அதன் குற்றம் கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடாது.

காரணத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால், வாயு 1984-லும் 1986-லும் இருந்தது. ஃபாவில் 1986-ல் தாராளமாகப் போட்டும் தோற்றார்கள். அப்போது காற்று திரும்பித் தங்கள் ஆட்கள் மேலேயே அடித்த சம்பவங்களும் உண்டு. 1988-ல் வாயு, பீரங்கி, டாங்கி, காலாட்படை நான்கும் ஒரே கடிகாரத்தில் ஓடின. வாயு இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது, ஒத்திகை இல்லாமல் வாயு மட்டும் அந்த வெற்றியைத் தந்திருக்காது. எதிரில் ஈரான் களைத்துப்போயிருந்ததையும் சேர்க்க வேண்டும். ஃபாவில் காவல் மெலிந்திருந்தது, அடி விழுந்த மறுநாளே வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படை ஈரான் கப்பல்களை அடித்தது.

#9 கொற்றவை

களைப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கடிதமே சாட்சி. 1988 ஜூலையில் போரை நிறுத்தச் சம்மதித்தபோது ஈரானின் உச்சத் தலைவர் கொமேனி தன் தலைவர்களுக்கு எழுதியது, 2006-ல் முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானி வெளியிட்டார். அதில் ரெசாயி கேட்ட பட்டியல் இருக்கிறது: அடுத்த ஐந்தாண்டுக்கு வெற்றி எதுவும் இல்லை, அதன் பிறகு தாக்க வேண்டுமானால் 350 காலாட்படை பிரிகேட், 2,500 டாங்கி, 3,000 பீரங்கி, 300 போர் விமானம், 300 ஹெலிகாப்டர் வேண்டும். லேசர், அணு ஆயுதங்கள் செய்யும் திறனும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம்பிக்கை ஆயுதத்தை வெல்லும் என்று ஆறு ஆண்டு முழங்கிய படையின் தளபதி கடைசியில் எழுதியது இது. இந்தக் கணக்கை 1982 ஜூலையில், எல்லையில் நின்றபோதே யாராவது எழுதி, மேலே இருப்பவர்கள் அதைப் படிக்கும் மனநிலையில் இருந்திருந்தால் எத்தனை ஆயிரம் பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஈராக்கில் உண்மை மேலே போகாததற்குக் காரணம் பயம். ஈரானில் அதிகாரிகள் சொன்னார்கள், சண்டை போட்டார்கள், ஷிராஸியும் ரெசாயியும் முட்டிக்கொண்டார்கள். ஆனால் சந்தேகம் கேட்பதே விசுவாசக் குறைவு என்று ஆகிவிட்டது. வழி வேறு, விளைவு கிட்டத்தட்ட ஒன்று.

#10 வைகறை

எல்லோருக்கும் நன்றி, இப்போது தெளிவாகிறது. கடைசியாக ஒன்று: 1988-ல் இவ்வளவு கற்ற குடியரசுக் காவல்படை, 1991-ல் குவைத் போரில் அமெரிக்கர்கள் முன் ஏன் ஒரு நாள் தாங்கவில்லை? தொழில்நுட்பம் மட்டுமா?

#11 தளவாடம்

தொழில்நுட்பம் பெரிய காரணம். ஆனால் அது மட்டும் இல்லை.

ஈரான் பயம் தீர்ந்ததும் பழைய பயம் திரும்பியது. வென்று கொடுத்த தளபதிகள் மக்களிடம் பெயர் எடுத்திருந்தார்கள், அதுவே அவர்களுக்கு வினை. ரஷீத் ஓரங்கட்டப்பட்டு வீட்டுக்காவலுக்குப் போனார். பாதுகாப்பு அமைச்சர் அத்னான் கைரல்லா, சதாமின் மைத்துனர், 1989 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அது விபத்துதானா என்ற பேச்சு ஈராக்கில் ஓயவே இல்லை. மாதக்கணக்கான ஒத்திகைக்கும் பெரிய பயிற்சிக்கும் இடம் இல்லாமல் போனது.

1991 பிப்ரவரி 26, வரைபடத்தில் 73 ஈஸ்டிங் என்று குறித்த பாலைவனக் கோடு. குடியரசுக் காவல்படையின் தவகல்னா டிவிஷன் ஓடவில்லை, நின்று சுட்டது. துணிவில் குறை இல்லை, குறை எல்லாம் தொழிலில். டாங்கியை நிலத்துக்குள் முழுக்கத் தோண்டி இறக்க வேண்டும், கோபுரம் மட்டும் வெளியே தெரிய வேண்டும், தோண்டிய மண்ணைப் பரத்திவிட வேண்டும். அவர்கள் பல இடத்தில் தரைமட்டத்தில் டாங்கியை நிறுத்தி, முன்னால் மணலைக் குவித்து வைத்திருந்தார்கள். குவித்த மணல் அமெரிக்க டாங்கியின் குண்டைத் தடுக்காது, அது துளைத்துக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, சமவெளியில் அந்தக் குவியலே இங்கே டாங்கி இருக்கிறது என்று அடையாளம் காட்டிவிடும். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஆட்கள் டாங்கியை விட்டு வெளியே பதுங்குகுழியில் இருந்தார்கள். எதிரி வருகிறான் என்று முன்கூட்டிச் சொல்ல, சில கிலோமீட்டர் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டிய காவல்நிலைகள் இல்லை. மணற்புயலுக்குள்ளிருந்து முதல் குண்டு வந்து விழுந்த பிறகுதான் எதிரி வந்தது தெரிந்தது, அதன் பிறகுதான் ஆட்கள் டாங்கிகளை நோக்கி ஓடினார்கள்.